இயக்கத்தைப் படமாக வரைவது எப்படி? பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டு வளவிலேயே, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள இடத்திலேயே, 15 வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ‘இயக்கம்’, பதினொன்றில் ‘இயக்கவியல்’. இரண்டு பாடத்திலும் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடங்கள் ஒன்றேதான். சூத்திரத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு பஸ் கிளம்பி, ஓடி, நின்றதைப் படமாகப் போடு என்றால் பென்சில் நகராது. படம் வந்துவிட்டால் சூத்திரம் தானாக வரும் என்பதை வருடா வருடம் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது வேண்டியிருக்கும்.

1. டீச்சர், வண்டி ஓடிக்கிட்டே இருக்கு. ஓடுறதை எப்படித் தாள்ல வரையுறது?

ஓட்டத்தை வரைய வேண்டாம். சமமான நேர இடைவெளியில் அது எங்கெங்கே இருந்தது என்று புள்ளி வைத்தால் போதும். இதை நான் போர்டில் சொல்வதில்லை, தரையில் காட்டுவேன். தண்ணீர் பாட்டிலின் அடியில் குண்டூசியால் ஓட்டை போட்டு, மூடியைத் திருகித் தளர்த்தி, நொடிக்கு ஒரு சொட்டு விழுகிற மாதிரி சரிசெய்து, ஒரு பையன் கையில் கொடுத்து நடக்கச் சொல்வேன். எங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. ஒவ்வொரு கல்லும் 20 செ.மீ. சதுரம், ஐந்து கல் தாண்டினால் ஒரு மீட்டர். சொட்டு காய்வதற்குள் இன்னொரு பிள்ளை பின்னாலேயே போய் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு வருவாள்.

சொட்டுகள் ஐந்தைந்து கல் தள்ளி விழுந்திருந்தால் பையன் நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் சீராக நடந்திருக்கிறான். இடைவெளி வரவர அகன்றால் வேகம் கூடியிருக்கிறது, நெருங்கினால் குறைந்திருக்கிறது. ஒரே கல்லில் நாலைந்து சொட்டு சேர்ந்து குட்டையாகக் கிடந்தால் அங்கே நின்றிருக்கிறான். பையன் வீட்டுக்குப் போன பிறகும் அவன் எப்படி நடந்தான் என்பதைத் தரை சொல்கிறது. இதுதான் இயக்கப் படம். மீதி எல்லாப் படமும் இதிலிருந்து வருவதுதான்.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று: தண்ணீர் மட்டம் இறங்க இறங்க ஓட்டையில் அழுத்தம் குறையும், சொட்டும் தாமதமாகும். அகலமான பாட்டிலை நிறைய நிரப்பி, பத்துப் பதினைந்து நொடிக்குள் நடையை முடித்துவிடுங்கள்.

2. பஸ் முப்பது அடிக்கு மேல நீளம். அதைப் போய் ஒரு புள்ளின்னு எப்படி வைக்கிறது?

பஸ்ஸில் ஏதாவது ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன் பம்பர் என்று வையுங்கள். கடைசி வரை அதையே பார்க்க வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. நேர் ரோட்டில் பம்பர் பத்து மீட்டர் போனால் பின் சக்கரத்தின் அச்சும் பத்து மீட்டர்தான் போகும். அதனால் ஒரு புள்ளி முழு பஸ்ஸுக்கும் பதில் சொல்லும்.

எப்போது சொல்லாது? நீளமே கேள்வியாக வரும்போது. 300 மீட்டர் ரயில் 200 மீட்டர் பாலத்தை முழுக்கக் கடக்க வேண்டுமானால் அதன் முன்முனை 500 மீட்டர் போக வேண்டும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 25 நொடி. இங்கே ரயிலைப் புள்ளி என்று வைத்து 10 நொடி என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. சுற்றுகிற பம்பரமும் அப்படித்தான், அதன் ஆணிக்கும் விளிம்புக்கும் ஒரே இயக்கம் இல்லை.

3. சைபரை எங்கே வைக்கணும்? புக்குல ஒரு இடம், நீங்க ஒரு இடம் வைக்கிறீங்க.

எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வைத்த பிறகு நகர்த்தக் கூடாது, எந்தப் பக்கம் பிளஸ் என்பதையும் எழுதிவிட வேண்டும். நம் பக்கத்து வீடுகளே இதற்கு நல்ல அளவுகோல். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் போகும். முகப்பு நிலைப்படியைச் சைபர் என்றும் உள்ளே போகிற பக்கத்தைப் பிளஸ் என்றும் வைத்தால், தெருவில் நிற்கிற பால்காரர் இருப்பது மைனஸில்.

அவர் தெருவிலிருந்து நிலைப்படியை நோக்கி வருகிறார். இடம் மைனஸ், திசைவேகம் (எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் வேகம்) பிளஸ். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இடத்தின் குறி எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லும், திசைவேகத்தின் குறி எந்தப் பக்கம் போகிறார் என்பதைச் சொல்லும். ‘மைனஸில் இருக்கிறார், அதனால் பின்னால் போகிறார்’ என்று எழுதினால் தவறு.

4. தொலைவும் மீட்டர், இடப்பெயர்ச்சியும் மீட்டர். எதுக்கு ரெண்டு பேர்?

அப்பத்தா முகப்பிலிருந்து அடுப்படிக்கு 40 மீட்டர் போய், கண்ணாடியை வளவில் வைத்த ஞாபகம் வந்து 25 மீட்டர் திரும்பி வருகிறார். கால் நடந்தது 65 மீட்டர், அது தொலைவு. முகப்பிலிருந்து பார்த்தால் இப்போது 15 மீட்டரில் நிற்கிறார், அது இடப்பெயர்ச்சி. எல்லாம் சேர்த்து 100 நொடி ஆகியிருந்தால் சராசரி வேகம் நொடிக்கு 0.65 மீட்டர், சராசரித் திசைவேகம் நொடிக்கு 0.15 மீட்டர். கால் வலி தொலைவுக்கு, இருக்கிற இடம் இடப்பெயர்ச்சிக்கு.

5. கோடு மேலே ஏறுதுன்னா வண்டி மேடு ஏறுதுன்னு அர்த்தமா?

இந்தப் பாடத்தில் என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். கேட்காமல் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவர்கள் அதைவிட அதிகம். ஒரு தடவை தேவகோட்டை பஸ்ஸுக்கு இடம்–நேர வரைபடம் போட்டுக் காட்டினேன். ஒரு பையன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “தேவகோட்டை ரோட்டுல இவ்வளவு பெரிய மேடு எங்க டீச்சர் இருக்கு?” என்றான். அவன் தினமும் அந்த ரோட்டில் வருகிறவன். அவனுக்குத் தெரிந்த ரோடும் நான் போட்ட கோடும் ஒத்துப்போகவில்லை, மனதில் பட்டதைக் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். நான்தான் அச்சுகளைச் சொல்லாமல் கோட்டைப் போட்டிருந்தேன்.

வரைபடம் ரோட்டின் படம் இல்லை. படுக்கை அச்சு நேரம். நிற்கும் அச்சு, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. கோடு ஏறினால் தள்ளிப் போகிறது, இறங்கினால் திரும்பி வருகிறது, படுத்தே போனால் நிற்கிறது. நிற்கிற பஸ்ஸுக்குக் கோடு ஏன் நீள்கிறது என்பார்கள். பஸ் நின்றாலும் கடிகாரம் ஓடுகிறதே, அதனால்.

இன்னும் பிடிபடவில்லையா? முதல் கேள்வியில் போட்ட சாக்பீஸ் வட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் தரையில் ஒரே வரிசையில் இருக்கின்றன. முதல் வட்டத்தை அப்படியே விட்டு, இரண்டாவதை ஒரு கல் பக்கவாட்டில் தள்ளுங்கள், மூன்றாவதை இரண்டு கல், நான்காவதை மூன்று கல். முன்னால் போகிற திசையில் யாரையும் நகர்த்தவில்லை, பக்கவாட்டில்தான் நொடிக்கு ஒரு கல் நகர்த்தினோம். இப்போது வட்டங்களைச் சேர்த்துக் கோடு போட்டால் அதுதான் இடம்–நேர வரைபடம். அந்தப் பையனுக்கு இதைச் செய்த அன்றுதான் புரிந்தது.

6. திரும்பி வர்ற பஸ்ஸுக்குக் கோட்டை இடது பக்கமாத் திருப்பக் கூடாதா?

கூடாது. இடது பக்கம் போவது என்றால் நேரம் பின்னால் போவது. பஸ் திரும்பி வரலாம், ஒன்பது மணி திரும்பி வராது. அதேபோல நேராகச் செங்குத்தாக நிற்கும் கோடும் வராது. அப்படி வந்தால் ஒரே கணத்தில் பஸ் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் நடுவில் எல்லா ஊரிலும் இருந்தது என்று ஆகிவிடும்.

7. சாய்வுதான் திசைவேகம்னா, பாகைமானி வச்சு அளந்துடலாமே? 45 பாகைன்னா tan மதிப்பு 1 தானே?

அளக்கக் கூடாது. நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறவருக்கு, இரண்டு அச்சிலும் 1 செ.மீ.க்கு ஓர் அலகு என்று போட்டால் கோடு 45 பாகையில் நிற்கும். நிற்கும் அச்சில் மட்டும் 1 செ.மீ.க்கு 5 மீட்டர் என்று மாற்றிப் போடுங்கள், அதே நடைக்குக் கோடு சுமார் 11 பாகைக்குப் படுத்துவிடும். ஆள் வேகத்தை மாற்றவில்லை, நாம்தான் அளவுத்திட்டத்தை மாற்றினோம்.

கோட்டில் இரண்டு புள்ளிகளை எடுங்கள். எத்தனை மீட்டர் ஏறியது என்பதை எத்தனை நொடி போனது என்பதால் வகுங்கள். அச்சில் எழுதியிருக்கிற எண்ணைத்தான் பார்க்க வேண்டும், தாளில் இருக்கிற சென்டிமீட்டரைப் பார்க்கக் கூடாது.

8. ரெண்டு கோடு வெட்டிக்கிட்டா ரெண்டு வண்டியும் மோதிக்குச்சா?

இடம்–நேர வரைபடத்தில் வெட்டினால், அந்த நேரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில் கடந்து போயிருக்கலாம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு பஸ் மணிக்கு 36 கி.மீ. வேகத்திலும் அந்தப் பக்கமிருந்து ஒன்று 24 கி.மீ. வேகத்திலும் கிளம்பினால், 9.20க்கு, காரைக்குடியிலிருந்து 12 கி.மீ. தள்ளிச் சந்திக்கும். ஒரு கோடு ஏறும், ஒன்று இறங்கும், வெட்டுகிற இடத்தில் விடை இருக்கும்.

ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் இதைத்தான் தினமும் செய்கிறார்கள். ஒரு பக்கம் புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு, காரைக்குடி என்று ஸ்டேஷன்களைத் தூரத்துக்குத் தக்கபடி அடுக்கி, மறுபக்கம் மணியைப் போட்டு, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு கோடு. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் ரயில்களின் கோடுகள் ஸ்டேஷனில்தான் வெட்ட வேண்டும், நடுவழியில் வெட்டினால் ஆபத்து. பாரிஸ்–லியோன் ரயில்களை இப்படிக் கோடுகளாகப் போட்ட படத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே எத்தியேன் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் தன் நூலில் அச்சிட்டிருக்கிறார்.

நிற்கும் அச்சில் இடத்துக்குப் பதில் திசைவேகத்தைப் போட்டால் அது திசைவேகம்–நேர வரைபடம். அதில் வெட்டினால் கதை வேறு. நொடிக்கு 10 மீட்டரில் சீராகப் போகிற பஸ், நின்றிருந்த பைக்கைத் தாண்டுகிறது. அதே கணம் பைக் நொடிக்கு நொடி 2 மீட்டர் வீதம் வேகம் கூட்டிக் கிளம்புகிறது. ஐந்தாவது நொடியில் கோடுகள் வெட்டும். ஆனால் அப்போது பஸ் 50 மீட்டரில், பைக் 25 மீட்டரில்தான் இருக்கும். வேகம் சமமானது, இடம் சமமாகவில்லை. பைக் பஸ்ஸைப் பிடிப்பது பத்தாவது நொடியில், 100 மீட்டரில்.

9. போகும்போது 30, வரும்போது 60. சராசரி 45 தானே டீச்சர்?

இல்லை, 40. போக 20 கி.மீ.க்கு 40 நிமிடம், வர 20 நிமிடம், 40 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். மெதுவாகப் போன நேரம் அதிகம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாயும்.

10. கோடு வளைஞ்சிருந்தா எந்த ரெண்டு புள்ளியை எடுக்குறது?

எந்தக் கணத்தின் வேகம் வேண்டுமோ அந்தப் புள்ளியையும், அதற்கு மிக மிகப் பக்கத்தில் இன்னொன்றையும். ஒரு வண்டி போன மீட்டர், நொடியின் வர்க்கமாக இருக்கிறது என்று வையுங்கள். 3 நொடியில் 9 மீட்டர், 4 நொடியில் 16. மூன்றாவது நொடியில் வேகம் என்ன? 3 முதல் 4 வரை எடுத்தால் 7 வரும். 3 முதல் 3.5 வரை எடுத்தால் 6.5. 3 முதல் 3.1 வரை எடுத்தால் 6.1. நெருங்க நெருங்க 6க்கு வந்து நிற்கிறது. அந்த 6தான் உடனடித் திசைவேகம். படத்தில் அது அந்தப் புள்ளியைத் தொட்டு நிற்கிற தொடுகோட்டின் சாய்வு. ஸ்கேலை வளைவில் வைத்து, வெட்டாமல் உரசி நிற்கும்படி திருப்பினால் தொடுகோடு கிடைத்துவிடும்.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் புத்தகத்தில் நேர்கோடுகள் கூரான மூலையில் சேர்ந்திருக்கும். மெய்யான பஸ்ஸுக்கு அப்படி மூலை வராது, நொடியே இல்லாமல் வேகம் மாற முடியாது. அந்த மூலையைக் கொஞ்சம் மழுங்கியதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

11. முடுக்கம் மைனஸ்னா பிரேக் போட்டாச்சுன்னு எழுதலாமா?

முடுக்கம் என்பது திசைவேகம் நொடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பது. மைனஸ் என்றாலே பிரேக் என்று எழுதினால் பாதி நேரம் தப்பாகும். பஸ் ஸ்டாண்டில் டிரைவர் ரிவர்ஸ் எடுக்கிறார். பின்பக்கம் மைனஸ். நின்ற பஸ் பின்னால் நகர ஆரம்பித்து வேகம் கூடுகிறது. திசைவேகம் 0, −1, −2 என்று போகிறது. முடுக்கம் மைனஸ், ஆனால் வேகம் கூடுகிறது. கண்டக்டர் விசில் அடித்ததும் பிரேக் பிடிக்கிறார். −2, −1, 0. இப்போது முடுக்கம் பிளஸ், பிரேக்கும் போட்டாகிவிட்டது.

திசைவேகத்தின் குறியும் முடுக்கத்தின் குறியும் ஒன்றாக இருந்தால் வேகம் கூடும், வேறாக இருந்தால் குறையும். முடுக்கத்தின் குறியைத் தனியாகப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

12. மேலே எறிஞ்ச பந்து உச்சியில நிக்குது. அந்த நேரம் முடுக்கம் சைபர் தானே?

திசைவேகம் சைபர். முடுக்கம் சைபர் இல்லை. சைபராக இருந்தால் திசைவேகம் மாறாது, மாறாவிட்டால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். பந்து கீழே வருகிறது என்பதே முடுக்கம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

வளவில் வானம் தெரிகிற முற்றத்தில் நின்று நொடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிந்தால், ஒரு நொடியில் கைக்கு மேல் 4.9 மீட்டர் போய், அடுத்த நொடியில் கைக்கு வந்துவிடும். திசைவேகம் +9.8இல் தொடங்கி, 0 வழியாக −9.8க்குப் போகும். வரைந்து பாருங்கள், ஒரே நேர்கோடு. உச்சி என்பது அந்தக் கோடு நேர அச்சைத் தாண்டுகிற இடம். அங்கே கோடு நிற்கவில்லை, வளையவில்லை, சாய்வும் மாறவில்லை. ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் முடுக்கம் அதே 9.8, கீழ்நோக்கி. காற்றின் தடையை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

13. பரப்புன்னா சதுர மீட்டர். வரைபடத்துக்குக் கீழே உள்ள பரப்பு எப்படித் தொலைவு ஆகும்?

கல்லின் பக்கங்கள் இரண்டும் மீட்டராக இருந்தால் சதுர மீட்டர். திசைவேக வரைபடத்தின் கட்டத்தையும் ஒரு கல் என்று வைத்தால், அதன் ஒரு பக்கம் ஒரு நொடி, மறுபக்கம் நொடிக்கு ஒரு மீட்டர். பெருக்கினால் மீட்டர்தான் மிஞ்சும். அதனால் ஒரு கல் ஒரு மீட்டர், கல்லை எண்ணினால் இடப்பெயர்ச்சி.

பஸ் 10 நொடியில் 0இலிருந்து நொடிக்கு 15 மீட்டருக்கு வருகிறது, 20 நொடி அப்படியே ஓடுகிறது, 5 நொடியில் நிற்கிறது. முதல் முக்கோணம் 75, நடுச் செவ்வகம் 300, கடைசி முக்கோணம் 37.5. ஆக 412.5 மீட்டர். அச்சுக்குக் கீழே விழும் பரப்பை இடப்பெயர்ச்சிக்குக் கழிக்க வேண்டும், தொலைவுக்குக் கூட்ட வேண்டும். காரணம் நான்காவது கேள்வியில் அப்பத்தா நடந்தபோதே பார்த்துவிட்டோம்.

14. மூணு சமன்பாட்டையும் எல்லாக் கணக்குலயும் போடலாமா?

v = u + at, s = ut + ½at², v² = u² + 2as என்ற மூன்றையும் முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டும் போடலாம். அதாவது திசைவேக வரைபடம் ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். கலிலியோ சாய்ந்த பலகையின் பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி, ஓடி வடிந்த தண்ணீரை எடை போட்டு நேரத்தை அளந்தார். 1638இல் வெளிவந்த அவருடைய நூலில் இது இருக்கிறது. அப்படி உருளும் குண்டு சம நேரத்தில் போகும் தூரங்கள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் கூடும். மொத்தமாகக் கூட்டினால் 1, 4, 9, 16. பத்தாவது கேள்வியில் வந்த அதே வர்க்கம். சமன்பாட்டில் இருக்கிற t² வேறெங்கிருந்தும் வரவில்லை.

நம் வீட்டு ஊஞ்சலுக்கு இந்தச் சமன்பாடுகளைப் போடாதீர்கள். ஊஞ்சல் போகும் பாதை வழியே பார்த்தால், இரண்டு முனையிலும் வேகம் சைபர், முடுக்கம் அதிகம்; நடுவில் வேகம் அதிகம், பாதை வழி முடுக்கம் சைபர். முடுக்கம் ஒவ்வொரு கணமும் மாறுகிறது. ஆனால் படம் போடலாம், சாய்வும் பரப்பும் பார்க்கலாம். அவை எந்த இயக்கத்துக்கும் பொருந்தும்.

15. தேர் நாலு வீதி சுத்தி வருது. அதை ஒரே கோட்டுல எப்படி வரையுறது?

ஒரு படம் போதாது, இரண்டு வேண்டும். கணக்குக்காகத் தேர் வடகிழக்கு முக்கிலிருந்து புறப்படுகிறது என்று வைத்து, அதையே சைபர் ஆக்குவோம். தெற்கே போவது ஒரு படம், மேற்கே போவது இன்னொரு படம். கீழ வீதியும் மேல வீதியும் 100 மீட்டர், தெற்கு வீதியும் வடக்கு வீதியும் 150 மீட்டர். கீழ வீதியில் தெற்குப் படம் 0இலிருந்து 100க்கு ஏறும், மேற்குப் படம் படுத்திருக்கும். தெற்கு வீதியில் மேற்குப் படம் 150க்கு ஏறும், தெற்குப் படம் 100இலேயே படுத்துவிடும். மேல வீதியில் தெற்குப் படம் இறங்கும், வடக்கு வீதியில் மேற்குப் படம் இறங்கும்.

தேர் நிலைக்கு வந்ததும் இரண்டும் சைபர். இழுத்தவர்கள் 500 மீட்டர் நடந்திருக்கிறார்கள், இடப்பெயர்ச்சி ஒன்றுமில்லை. முக்கில் தேர் திரும்பும்போது அதே வேகத்தில் திரும்பினாலும் திசைவேகம் மாறுகிறது, ஏனென்றால் திசை மாறுகிறது. முடுக்கம் இருக்கிறது என்று எழுதத் தயங்க வேண்டாம்.

16. அந்த ரெண்டு படத்தை வச்சுத் தேர் போன வழியைத் திரும்ப வரைய முடியுமா?

முடியும். ஒரு நேரத்தை எடுத்து, தெற்குப் படத்தில் ஓர் எண், மேற்குப் படத்தில் ஓர் எண் என்று படித்து, புதுத் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த நேரம், அடுத்த புள்ளி. எல்லாவற்றையும் சேர்த்தால் நாலு வீதியும் செவ்வகமாக வந்துவிடும். ஐந்தாவது கேள்வியில் அந்தப் பையன் எதிர்பார்த்த படம் இதுதான். வீதி தெரியும், முக்கு தெரியும், ஆனால் வெறும் கோடாகப் போட்டால் நேரம் தெரியாது. தேர் மளமளவென்று வந்ததா, மேல வீதியில் முட்டுக்கட்டை போட்டு அரை மணி நேரம் நின்றதா என்று அந்தக் கோட்டிடம் கேட்க முடியாது.

அதனால் கோட்டைப் போட்டாலும் புள்ளிகளை அழிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று விட்டுவைத்தால், தேர் வேகமாக வந்த இடத்தில் புள்ளிகள் தள்ளித் தள்ளி இருக்கும். முட்டுக்கட்டை போட்ட இடத்தில் ஆறேழு புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, வளவுத் தரையில் சொட்டுகள் சேர்ந்து கிடந்த அந்தக் கல் மாதிரியே, தாளில் கறுத்துத் தெரியும்.